டிராஃப்ட்ல வர்ற பையனா, ஆடித் தேர்ந்த அண்ணனா? கால்பந்து அணி கட்டும் கணக்கும், சென்னையின் எஃப்சி சொல்லும் பாடமும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். புதுச்சேரி முத்தியால்பேட்டை, சோலை நகர் பக்கம் கடற்கரை மணல். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு: ஆள் பிரிக்கணும். ரெண்டு கேப்டன், ஒரு காசு, பூவா தலையா. டாஸ் ஜெயிச்சவர் முதல் ஆளைக் கூப்பிடுவார், அடுத்தது எதிர் கேப்டன், அப்புறம் மாறி மாறி.

சிக்கல் அந்த முதல் அழைப்பிலேயே இருக்கு. காற்றா ஓடுற பதினாறு வயசுப் பையனை எடுக்கறதா? லேசா தொப்பை போட்டாலும் பந்து காலை விட்டுப் போகாத, எங்க நிக்கணும்னு தெரிஞ்ச அண்ணனை எடுக்கறதா?

உலகின் பெரிய கிளப்புகள் கோடிக்கணக்கில் பணத்தை வைத்து மோதிக்கொள்ளும் கேள்வியும் இதுதான். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். கேம்பஸில் பிரெஷரை எடுத்து வளர்ப்பதா, எட்டு வருஷ அனுபவம் உள்ளவரை லேட்டரலாகக் கொண்டு வருவதா? முதலாவதில் செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். இரண்டாவதில் பலன் உடனே தெரியும், ஆனால் எத்தனை நாளைக்கு என்பது தெரியாது.

இந்தியக் கால்பந்து இந்த இரண்டு வழியையும் முயன்று பார்த்துவிட்டது. இரண்டிலும் கோப்பை வந்திருக்கிறது, இரண்டிலும் அணிகள் சரிந்தும் இருக்கின்றன. என்ன நடந்தது என்று பார்த்தால், கேள்வியே கொஞ்சம் தப்பாகக் கேட்கப்படுகிறதோ என்று தோன்றும்.

முதல்ல, டிராஃப்ட்னா என்ன?

இது அமெரிக்காவில் பிறந்த முறை. கையால் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் 1936-லிருந்து நடக்கிறது. இப்போது 32 அணிகள், 7 சுற்றுகள். கல்லூரியில் ஆடி முடித்து வரும் இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும். போன வருஷம் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. பலவீனமானவர்களுக்குக் கை கொடுத்து லீக்கைச் சமமாக வைத்திருக்கும் ஏற்பாடு இது.

அந்தத் தேர்வு உரிமையையே அணிகள் ரூபாய் நோட்டு மாதிரி கைமாற்றிக்கொள்ளலாம். "அடுத்த ரெண்டு வருஷத்து முதல் சுற்று வாய்ப்பை வச்சுக்கோ, உன் அனுபவசாலியை எனக்குக் கொடு" என்று பேரம் பேசலாம். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2021-ல் அப்படித்தான் மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கி, 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தது. கன்சாஸ் சிட்டி நேரெதிர். 2017 டிராஃப்ட்டில் பத்தாவதாக பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரை எடுத்து, ஒரு வருஷம் பெரும்பாலும் ஓரமாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு பல வருஷம் லீக்கை ஆண்டது.

இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் டாம் பிராடி. 2000-ல் 199-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அதே பிராடி 43 வயதில், சீனியராகப் புது அணிக்குப் போய், 2021-ல் ஏழாவது சூப்பர் பவுலை வென்றார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். டிராஃப்ட்டுக்கு வரும் அந்த இளைஞரை வளர்த்தது அணி அல்ல, கல்லூரி. பயிற்சி, மைதானம், கோச், ஆட்டங்கள் எல்லாம் கல்லூரி செலவு. அணிக்குக் கிடைப்பது ஏறக்குறைய தயாரான சரக்கு. இந்தியக் கதைக்கு வரும்போது இதுதான் முக்கியமாகப் போகிறது.

2014: அண்ணன்கள் வந்த வருஷம்

2014-ல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல், தொடங்கியபோது இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் பிடித்தது. இந்திய வீரர்களுக்கு டிராஃப்ட்: மும்பையில் 6 அணிகள், ஆளுக்கு 14 பேர் வீதம் 84 வீரர்களைத் தேர்வு செய்தன. இன்னொரு பக்கம், ஒவ்வோர் அணியிலும் உலகம் அறிந்த ஒரு 'மார்க்கீ' நட்சத்திரம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த வருஷம் வந்த வெளிநாட்டு வீரர்களின் பட்டியல் தனி சுவாரஸ்யம். பிரான்ஸ் ஆடினால் தனியாக ஒரு பரபரப்பு வரும் ஊராச்சே. 1998 உலகக் கோப்பையை வென்ற ரொபேர் பிரெஸ் கோவாவுக்கு வந்தார், வயது 40. அதே அணியில் இருந்த டேவிட் ட்ரெசகே புனேவுக்கு, 36. நிக்கோலா அனெல்கா மும்பைக்கு, 35. மிக்கேல் சில்வெஸ்டர் சென்னைக்கு, 37. யூரோ 2000 இறுதிப் போட்டியில் பிரெஸ் கொடுத்த பந்தை ட்ரெசகே கோலாக்கித்தான் பிரான்ஸ் கோப்பையை வென்றது. பதினாலு வருஷம் கழித்து அந்த இரண்டு பேரும் இந்தியாவில், எதிரெதிர் அணிகளில்.

கூட்டம் வந்தது. முதல் சீசனிலேயே சராசரியாக 20,000-க்கும் மேற்பட்டோர் மைதானத்துக்கு வந்தார்கள். டிவியில் கால்பந்து பார்க்காத வீடுகளிலும் பேச்சு ஓடியது. அனுபவசாலிகளை எடுத்ததன் உண்மையான லாபம் அது. அவர்கள் கோல் போட வந்ததைவிட, கதவைத் திறக்க வந்தவர்கள் என்று சொல்லலாம்.

சென்னையின் எஃப்சி அந்த வருஷம் கிட்டத்தட்ட ஒரு சீனியர் கிளப். மாட்டராஸி கோச்சாகவும் வீரராகவும், வயது 41. பின்னால் வந்து சேர்ந்த நெஸ்டாவுக்கு 38. பிரேசிலின் எலானோ 8 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கினார். லீக் சுற்றில் அணிக்கு முதலிடம். ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்று வெளியேறியது.

2015: எலானோ பக்கத்துல ஒரு மென்டோசா

அடுத்த வருஷம் மாட்டராஸி மாறவில்லை, எலானோவும் இருந்தார். ஆனால் கோல் போட்டது வேறு ஆள். முதல் சீசனிலிருந்தே அணியில் இருந்த கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா, வயது 23. மொத்தம் 13 கோல், அந்த வருஷத் தங்கக் காலணி அவருக்கு.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் ஆட முடியாத நிலை. கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் 'சொந்த மண்' ஆட்டத்தைப் புனேவில் ஆடி, 3-0 என ஜெயித்தார்கள். டிசம்பர் 20, கோவா ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது 1-2 எனப் பின்தங்கியிருந்த அணி, 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. வெற்றி கோல் மென்டோசாவுடையது.

இந்திய வீரர்கள் பக்கமும் கவனிக்க வேண்டும். அந்த சீசனின் 'வளரும் வீரர்' விருது மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவாவுக்கு. அடுத்த ஆண்டு, 2016-ல், அதே விருது அதே அணியின் 18 வயது ஜெர்ரி லால்ரின்சுவாலாவுக்கு. அவரும் மிசோரம். பெரிய பெயர்களின் நிழலில் சின்னப் பெயர்கள் முளைத்துக்கொண்டிருந்தன.

2017: கடைசி டிராஃப்ட்

2017 ஜூலை, மும்பை. பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் சேர்ந்து 10 அணிகள். பழைய அணிகள் இரண்டு சீனியர் இந்தியர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 21 வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியாகத் தக்கவைக்கலாம். மற்ற எல்லாரும் டிராஃப்ட்டுக்குப் போக வேண்டும். புது அணியான ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது, விலை 1.10 கோடி.

சென்னை தக்கவைத்தது ஜெஜே, கோல்கீப்பர் கரண்ஜித் சிங் என்ற இரண்டு சீனியர்களை. இளையவர்களில் ஜெர்ரியையும் அனிருத் தாபாவையும். டிராஃப்ட்டில் எடுத்தவர்களில் ஒருவர் வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ். கோச் ஜான் கிரிகோரி வெளிநாட்டு வீரர்களில் பெயரைப் பார்க்காமல் உழைப்பைப் பார்த்தார். ஏற்கெனவே இந்த அணிக்கு ஆடி, வெயிலும் மைதானமும் பழகிய மைல்சன் ஆல்வ்ஸ், ரஃபேல் அகஸ்டோ. இங்கிலாந்தின் பிரைட்டனில் பல வருஷம் ஆடிய இனிகோ கால்டெரோன், 36 வயது.

இந்தக் கலவை என்ன செய்தது என்பதை 2018 மார்ச் மாதத்தின் மூன்று ஆட்டங்கள் சொல்கின்றன.

அரையிறுதி, முதல் ஆட்டம், கோவாவில் 1-1. சென்னையின் கோல் தாபா, வயது 20.

அரையிறுதி, இரண்டாவது ஆட்டம், சென்னையில் 3-0. ஜெஜே இரண்டு, தன்பால் கணேஷ் ஒன்று.

இறுதிப் போட்டி, மார்ச் 17, பெங்களூருவில் 3-2. மைல்சன் இரண்டு, அகஸ்டோ ஒன்று.

அரையிறுதியின் நான்கு கோலும் இந்திய வீரர்கள் போட்டவை. இறுதிப் போட்டியின் மூன்று கோலும் சோதித்துப் பார்த்துக் கொண்டுவந்த வெளிநாட்டவர்கள் போட்டவை. முதல் பாதி இல்லாமல் இறுதிப் போட்டியே இல்லை. இரண்டாம் பாதி இல்லாமல் கோப்பை இல்லை. "இளசா, அனுபவமா?" என்று கேட்டால் அந்த அணியின் பதில், "ரெண்டும்தான், ஆனா பக்கத்துல பக்கத்துல" என்பதாக இருந்திருக்கும்.

சரி, அடுத்த வருஷம் ஏன் கடைசி இடம்?

இங்கேதான் கதை கசக்கும். 2018-19 சீசனில் நடப்பு சாம்பியன் சென்னை 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்தது. ஜெயித்தது இரண்டே இரண்டு. பத்து அணிகளில் பத்தாவது இடம்.

தன்பால் கணேஷுக்கு முழங்கால் காயம். ஜெஜே ஃபார்மை இழந்தார். தடுப்பாட்டத்தில் தூணாக இருந்த ஹென்ரிக் செரினோ போய்விட்டார். ஒரு தூண் போனால் அடுத்தது நிற்க வேண்டும், ஆனால் அடுத்த வரிசை தயாராக இல்லை. பதினோரு பேரைக் கட்டியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பதினோரு பேரைக் கட்டவில்லை.

ஐடி மொழியில் சொன்னால் 'பெஞ்ச்' இல்லை. புராஜெக்ட் நன்றாக ஓடும்போது பெஞ்ச் வீண் செலவாகத் தெரியும். முக்கியமான ஆள் நோட்டீஸ் பீரியட் போட்ட அன்றைக்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.

அடுத்த சீசனில், நடுவில் வந்த ஓவன் காய்ல் அதே அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச்சில் ஏடிகே-யிடம் 1-3 எனத் தோல்வி. மேலே, கீழே, மறுபடி மேலே. அணியின் தலையெழுத்து ஒவ்வொரு வருஷமும் யார் வந்தார், யார் போனார் என்பதைப் பொறுத்தே இருந்தது.

டிராஃப்ட் ஏன் இங்கே நிலைக்கவில்லை?

2017-க்குப் பிறகு ஐஎஸ்எல்லில் டிராஃப்ட் இல்லை. கிளப்புகளே வீரர்களுடன் நேரடியாக ஒப்பந்தம் போட ஆரம்பித்தன. வருஷா வருஷம் சீட்டைக் கலைத்துப் போட்டால் எந்த அணியும் நிலையாகாது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு.

அமெரிக்க டிராஃப்ட்டில் ஒவ்வொரு வருஷமும் புதிய ஆட்கள் வருவார்கள், கல்லூரிகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்திய டிராஃப்ட்டில் வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஐ-லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். அதாவது டிராஃப்ட் புதிய வீரர்களைக் கொண்டு வரவில்லை, இருந்தவர்களைப் பங்கு போட்டது. கிணற்றுக்கு ஊற்று இல்லாதபோது, குடத்தை யார் முதலில் இறக்குவது என்று வரிசை போட்டு என்ன பயன்?

காலால் ஆடும் கால்பந்தில் உலகம் முழுக்க வழி வேறு. கிளப்புகளே அகாடமி நடத்தி ஆள் வளர்க்கும். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரிலும் டிராஃப்ட் உண்டு, ஆனால் கிளப்புகள் சொந்த அகாடமி தொடங்கி, அங்கே வளர்ந்தவர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்யத் தொடங்கியதும் அதன் மவுசு குறைந்துவிட்டது.

பிரான்ஸை எடுத்துக்கொள்வோம். பாரிஸுக்கு அருகே கிளேர்ஃபோன்தேனில் 1988-ல் திறந்த தேசியப் பயிற்சி மையத்தில், பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். தியரி ஒன்றி, கிலியன் எம்பாப்பே எல்லாம் அங்கே படித்தவர்கள். அனெல்காவும்தான். மும்பை பார்த்தது 35 வயது அனெல்காவை, ஆனால் அந்த அனெல்கா உருவானது சிறுவனாக கிளேர்ஃபோன்தேனில். நாம் விலை கொடுத்து வாங்கும் அனுபவசாலி ஒவ்வொருவரும், வேறொரு நாடு பொறுமையாக வளர்த்த ஒரு பையன்.

2018-ல் அரையிறுதி கோல் போட்ட நம் வீரர்கள் மட்டும் வானத்திலிருந்தா குதித்தார்கள்? ஜெஜே, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இளைஞர்களுக்காக 2010-ல் தொடங்கிய ஆரோஸ் அணியில் ஆடி வளர்ந்தவர். தாபா அதே சம்மேளனத்தின் அகாடமி மாணவர். யாரோ சில வருஷம் செலவு செய்து காத்திருந்தார்கள், பலனைச் சென்னை அறுவடை செய்தது. அந்த ஆரோஸ் அணியும் 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

கோயம்புத்தூரும் ஹைதராபாத்தும் சொன்னது

குறைந்த பட்ஜெட்டிலும் இதைச் செய்யலாம் என்று காட்டியது சென்னை சிட்டி எஃப்சி. கோயம்புத்தூரை மையமாக வைத்து ஆடிய இந்த அணி 2018-19 ஐ-லீக்கை வென்றது. 20 ஆட்டம், 43 புள்ளி. இரண்டாம் இடத்தில் இருந்த ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடி, அதிகம் பெயர் தெரியாத பெட்ரோ மான்ஸி 21 கோல் போட்டார். அவரோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள்.

இதே அணியில் ஆடி வெளியே போனவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மைக்கேல் சூசைராஜ் ஏடிகே-யுடன் ஐஎஸ்எல் கோப்பையைத் தொட்டார். சென்னையின் நந்தகுமார் சேகர், 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோலில் ஈஸ்ட் பெங்காலுக்கு டெர்பி வெற்றியைக் கொடுத்து, கொல்கத்தாவே கொண்டாடும் ஆள் ஆனார்.

ஆனால் 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. பையன்கள் கரை சேர்ந்தார்கள், அவர்கள் ஏறி வந்த படகு நிற்கவில்லை.

ஹைதராபாத்தும் இதே மாதிரிதான். 2022 மார்ச்சில் கோப்பை வென்ற அணியில் 18 கோல் போட்டவர் 37 வயது ஓக்பெச்சே. அவரைச் சுற்றி ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய் போன்ற இளம் இந்தியர்கள். கோச் மனோலோ மார்க்வெஸ் பொறுமையாகக் கட்டிய அணி. ஒன்றரை வருஷத்தில் பணச் சிக்கல் வந்தது, 2023-24 சீசனில் வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

சரியான கலவையைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை என்பதை இந்த இரண்டு அணியும் காட்டிவிட்டன. அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

கிரிக்கெட்ல மட்டும் எப்படி?

'டாட்ஸ் ஆர்மி' என்ற கேலியை யாரும் மறந்திருக்க முடியாது. 2018-ல் முப்பது தாண்டியவர்களை வைத்து சிஎஸ்கே கோப்பை வென்றது. இறுதிப் போட்டியில் 36 வயது வாட்சன் ஆட்டமிழக்காமல் 117. அதே பாணி 2025-ல் கை கொடுக்கவில்லை, அணி முதல் முறையாகக் கடைசி இடம். அப்போது சிஎஸ்கே செய்தது என்ன? சீசன் நடுவிலேயே 17 வயது ஆயுஷ் மாத்ரேவை இறக்கியது.

அப்படி இறக்க ஆள் இருந்தது என்பதுதான் விஷயம். கிரிக்கெட்டில் பள்ளி, டிவிஷன் லீக், ரஞ்சி என்று படிக்கட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016-லிருந்து டிஎன்பிஎல் கூடுதல் படி. 2025 ஐபிஎல்லில் 759 ரன் அடித்து முதலிடம் பிடித்த சாய் சுதர்சன் அந்தப் படியில் ஏறியவர். அணி தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள ஊற்று இருக்கிறது.

புதுச்சேரிக்கும் ஒரு சொந்த அனுபவம் உண்டு. 2018-19-ல் முதல் முறையாக ரஞ்சிக்கு வந்தபோது, அணியின் முதுகெலும்பு பாரஸ் டோக்ரா, அபிஷேக் நாயர், பங்கஜ் சிங் என்ற அனுபவசாலிகள். மூன்று பேரும் வெளியூர். டோக்ரா சிக்கிமுக்கு எதிராக 253 ரன் அடித்தார். அதே ஆண்டு விஜய் ஹசாரே போட்டியின்போது, அணியில் வெளியூர்க்காரர்கள் அதிகம் என்ற சர்ச்சை வெடித்து, பலரின் பதிவை பிசிசிஐ திரும்பப் பெற்றது. "ஜெயிக்கிறது முக்கியமா, நம்ம பையன் ஆடறது முக்கியமா?" என்று இந்த ஊரே அன்றைக்குக் கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. புது அணிக்குக் கற்றுக்கொடுக்க அனுபவசாலி வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ள உள்ளூர்ப் பையன் அணியில் இருந்தால்தானே அது கற்றுக்கொடுப்பது?

அப்போ என்ன செய்யணும்?

முதலாவது, ஒப்பந்தங்களை எண்ணுவதை விட்டுவிட்டு நிமிடங்களை எண்ண வேண்டும். "எங்க அணியில் ஆறு இளம் வீரர்கள் இருக்காங்க" என்று போட்டோ போடுவது சுலபம். அவர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பதுதான் கேள்வி. விதி மாறினால் நிலைமை மாறும் என்பதற்கு ஐஎஸ்எல்லே சாட்சி. தொடக்கத்தில் களத்தில் குறைந்தது 5 இந்தியர்கள், 2017-ல் 6, 2021-ல் 7. ஒவ்வொரு முறையும் "தரம் குறையும்" என்ற பயம் சொல்லப்பட்டது. லீக் ஒன்றும் விழுந்துவிடவில்லை.

இரண்டாவது, அனுபவசாலியை எடுக்கும்போது அவர் போடப்போகும் கோலுக்கு மட்டும் சம்பளம் பேசக்கூடாது. அவர் பக்கத்தில் யார் ஆடப் போகிறார் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். எலானோ பக்கத்தில் மென்டோசா இருந்தார், மைல்சன் பக்கத்தில் ஜெர்ரி இருந்தார். பக்கத்தில் யாரும் இல்லாத சீனியர், கான்ட்ராக்ட் முடிந்ததும் தன் அனுபவத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்.

மூன்றாவதுதான் முக்கியம். வளர்த்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும்.

ஃபிஃபா விதியில் இதற்கு வழி இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு மாறும்போது, அந்த மாற்றுத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவருக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருஷத்துக்கு 0.5 சதவீதம். மாற்றுத் தொகை 10 கோடி என்றால் மொத்தம் 50 லட்சம். பதின்மூன்று, பதினாலு வயதில் இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்த கிளப்புக்கு 5 லட்சம். ஒரு தெரு கிளப்புக்கு அது பந்து, வலை, ஷூ, கோச் சம்பளம் என்று வருஷக்கணக்கில் ஓடும் பணம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கிளப் சங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பையனின் பெயரும் கிளப் பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும். மணலில் ஐந்து வருஷம் ஆடிக் கற்ற பையனுக்குப் பல ஊர்களில் எந்தப் பதிவும் இருக்காது. அவன் நாளைக்குப் பெரிய கிளப்பில் ஆடினாலும், காகிதத்தில் அவனை வளர்த்தவர் யாருமே இல்லை. மாவட்ட, மாநில கால்பந்து சங்கங்கள் நாளைக்கே செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத வேலை இது: தெரு கிளப்புகளைத் தேடிப் போய்ப் பதிவு செய்வது, பையன்களை 12 வயதிலேயே சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவு முறையில் ஏற்றுவது. அதோடு, உள்நாட்டு மாற்றங்களிலும் இதே பங்கு தவறாமல் போய்ச் சேரும்படி செய்வது சம்மேளனத்தின் பொறுப்பு.

யாருக்கு நஷ்டம்?

2025 ஜூலையில், லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், ஐஎஸ்எல் புதிய சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதம் சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. சென்னையின் எஃப்சியும் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது.

அப்படி ஒரு நிறுத்தம் வரும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. 33 வயது வீரருக்குக் கையிருப்பு இருக்கும், பெயர் இருக்கும், வேறு நாட்டிலிருந்து அழைப்பு வரலாம். 18 வயதுப் பையனுக்கு அந்த ஒரு வருஷம்தான் முதலீடு. அந்த வயதில் ஆடாமல் போன ஆட்டம் பிறகு திரும்பி வராது. வீட்டில் "போதும்டா, ஏதாவது வேலையைப் பாரு" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சொல்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் "டிராஃப்டா, அனுபவமா?" என்ற விவாதம் பாதி விவாதம். இரண்டுமே ஏற்கெனவே உருவான வீரரை எப்படிப் பெறுவது என்ற கேள்விதான். அவரை உருவாக்குவது யார், அதற்குக் காசு கொடுப்பது யார், அவர் தேறும் வரை காத்திருப்பது யார் என்பது மீதிப் பாதி. அதற்குப் பதில் சொல்லாத வரை சென்னை ஒரு வருஷம் சாம்பியனாகவும் மறுவருஷம் கடைசியாகவும்தான் இருக்கும்.

சோலை நகர் மணலில் இதற்கு விடை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். விவரமான கேப்டன் முதல் அழைப்பில் அண்ணனைக் கூப்பிடுவார், அடுத்த அழைப்பில் அந்தப் பதினாறு வயசுப் பையனை. ரெண்டு பேரையும் ஒரே பக்கம் நிறுத்துவார். ஆட்டம் முழுக்க அண்ணன் ஓட மாட்டார், ஆனால் வாய் ஓயாது: "டேய், உள்ள வா... இப்ப பாஸ் போடு... அவன விடாத."

அந்தப் பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவான். அவன் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்தான் இன்னும் அங்கே வரவில்லை.